மூன்று அட்டை மாத்திரை

டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக், டொக் என்று இரண்டு, யாரோ நகத்தால் டம்ளரைச் சுண்டினாற்போல. இருட்டில் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறதென்று துரைக்கண்ணுக்குத் தெரியவில்லை. மீன்கள் மூக்கால் தடுப்பை முட்டுகின்றன, அவ்வளவுதான். ஆராய்ச்சிக் கூடத்தின் இந்த மீன் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை ஆறு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும், இரவு எட்டு மணிக்குத் தாமாக அணையும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இந்த வரி போட்ட மீன்களுக்கு அதுதான் உதயம், அதுதான் அஸ்தமனம். நேற்று மாலை வேலைக்கு வந்ததும் வழக்கம்போல இருபது சின்னத் தொட்டிகளில் ஆணை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் விட்டு நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு தகட்டைச் செருகி வைத்தான். விளக்கு வந்ததும் தகட்டை எடுக்க வேண்டும். எடுத்த கால் மணியில் முட்டை விழும். இன்னும் எட்டு நிமிஷம். எட்டு நிமிஷத்தில் மகளுக்குப் போன் போட்டுவிடலாம். ஐந்தரைக்கே எழுந்து தண்ணீர் பிடிக்கிறவள், எழுந்திருப்பாள். ஆனால் என்னவென்று கேட்பது, அந்த மாத்திரையை இன்னும் போடுகிறாயா என்றா, எடுத்த எடுப்பிலா, மாமியார் பக்கத்தில் நின்றால்? இரவு முழுக்க இதே இடத்தில் வந்து நின்றுவிட்டு நின்றுவிட்டுத் திரும்பியாயிற்று. டொக். கேட்டால் என்ன, பெற்ற பெண்தானே. கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அமுதா போன் செய்தபோது அவன் பக்கத்து அறையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான். ஏங்க, ஒரு விஷயம், உட்கார்ந்துக்கிட்டு கேளுங்க என்றாள். அவள் அப்படிச் சொன்னால் யாரோ செத்திருப்பார்கள் என்று நினைத்துக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நிஜமாகவே உட்கார்ந்தான். நிலாவுக்குத் தள்ளிப் போயிருக்குங்க, நாற்பத்தஞ்சு நாள் ஆச்சாம், அந்தக் குச்சியில ரெண்டு கோடு விழுந்துடுச்சாம், வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறாங்களாம், நீங்க தாத்தாங்க. தாத்தா. அவனுக்கு ஐம்பத்திரண்டு முடியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தது, தொட்டியின் மூலையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தான். பத்து மணிக்கு குளிர்பெட்டியைத் துடைக்கத் திறந்தால் உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய குப்பி, மேலே ஃபர்சானா மேடத்தின் குண்டுக் கையெழுத்தில் ரெட்டினாயிக் ஆசிட். ஏழு மாதமாகப் பார்க்கிற குப்பிதான். நேற்றுதான் அந்த எழுத்துகள் வேறு எங்கோ கண்டமாதிரி உறுத்தின. பர்சுக்குள் நான்காக மடித்த மருந்துச் சீட்டு இருந்தது, மடிப்பில் கிழிந்த சீட்டு, நிலாவின் முகப்பருவுக்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது. பிரித்தான். ஐசோ என்று முன்னால் ஒன்று, அப்புறம் ட்ரெட்டினாயின். இரண்டையும் மேசை விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே ஜாடை. அண்ணன் தம்பி ஜாடை.

ஜாடை ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றாகிவிடுமா, அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லும் என்பார்கள், ஒன்பதாவதில் நின்றவன் அவன். நின்ற பிறகுதான் படித்தான். முன்னே வாசலில் செக்யூரிட்டியாக இருந்த காலத்தில் வந்து விழும் பேப்பரையெல்லாம் வாசிப்பான், உள்ளே மீன் அறைக்கு மாற்றிய பிறகு வராந்தாவில் ஒட்டிய படங்கள், அச்சாகி வீணாகிக் கூடையில் போட்ட தாள்கள், புரியாத வார்த்தையைச் சின்ன நோட்டில் எழுதி யார் சிக்குகிறார்களோ அவர்களைக் கேட்பான். ஃபர்சானா மேடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து நாலு வருஷம், கேட்டால் எரிச்சல்படாத ஒரே ஆள். நியூக்ளியர் ரிசெப்டர் என்று அவள் முதலில் சொன்னபோது அவன் கல்பாக்கத்தை நினைத்துக்கொண்டு இந்த அறைக்குள் கதிரியக்கம் இருக்கிறதா என்று பயந்துபோய்க் கேட்டான், அவள் சிரித்த சிரிப்பில் பைப்பெட் கீழே விழுந்தது. அணு உலை இல்லண்ணா, செல்லோட கரு, அதுக்குள்ள குந்திக்கிட்டு இருக்கிற ஒரு புரதம். குந்திக்கொண்டு என்ன செய்யும்? காத்துக்கிட்டு இருக்கும். எதற்கு? வைட்டமின் ஏ இருக்கில்ல, அதுலேர்ந்து வர்ற குட்டித் துணுக்கு ஒண்ணுக்கு. அது வந்து மடியில உட்கார்ற வரைக்கும் இவரு மரபணுவை மூடிப் பிடிச்சிருப்பாரு, வந்து உட்கார்ந்தா உடம்பைத் திருப்பித் திறந்து விடுவாரு. அன்று இரவு நோட்டில் இரண்டு பக்கம் எழுதினான். கருவுக்குள் எது தலை, எது கழுத்து, எது வால் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, அந்தத் துணுக்கு எங்கே எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஒவ்வொரு செல்லும் தான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்கிறது. குறைந்தாலும் கெடுதல், மிஞ்சினாலும் கெடுதல். மிஞ்சினால் தலையாக வேண்டியது தன்னைப் பின்பக்கம் என்று நினைத்துக்கொள்ளும். இதயம் வளைய வேண்டிய இடத்தில் வளையாது. இவ்வளவையும் எழுதிவிட்டு அடியில் ஒரு கேள்வி போட்டிருந்தான், வந்து உட்கார்வது உள்ளூர்த் துணுக்கா வெளியிலிருந்து வந்ததா என்று அந்தப் புரதம் பார்க்காதா? மேடம் சொன்ன பதிலையும் எழுதியிருந்தான். பார்க்காது. வாசலில் நின்றபோது அவனும் அப்படித்தான், சீட்டு இருந்தால் கேட்டைத் திறந்துவிடுவான், சீட்டு யார் கொடுத்ததென்று எந்தக் காலத்தில் கேட்டான். சே, இதில் தன்னைக் கொண்டுபோய் ஏன் நுழைக்கிறோம்.

விளக்குகள் எரிந்தன. எப்போதும்போல ஒரு கணம் எல்லாம் வெள்ளையாக இருந்து பிறகு தொட்டிகள் தொட்டிகளாயின. அவன் முதல் வரிசையிலிருந்து தகடுகளை எடுக்கத் தொடங்கினான், எடுத்த மாத்திரத்தில் ஆண் பாய்ந்து பெண்ணைச் சுற்றிச் சுற்றி, விலாவில் இடித்து இடித்து. கை வேலை செய்தது. தோல் டாக்டர் ஐப்பசியில் மூன்று மாதத்துக்கு எழுதினார், நிச்சயம் முடிந்த கையோடு. மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு சித்தி, பொண்ணு லட்சணம்தான், கன்னத்துல மட்டும் யாரோ கடுகு தாளிச்சுட்டாங்க என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், நிலாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து குளியலறையில் முக்கால் மணி நேரம் இருந்தாள். தையில் கல்யாணத்தன்று முகம் பளிங்கு. சரி, அதோடு முடிந்திருக்க வேண்டியது. மாசிக் கடைசியில் செய்யாற்றில் புகுந்த வீட்டிலிருந்து போன், அப்பா மறுபடி ரெண்டு வந்திருக்குப்பா, அந்த மாத்திரை வாங்கி அம்மாகிட்ட குடுத்து விடுங்களேன். டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கலாம். அவன் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனான், கடைக்காரர் தெரிந்தவர், சீட்டின் தேதியைப் பார்க்கவில்லை, அவர் பார்க்காததில் இவனுக்கு ஒரு பெருமை வேறு, நம்மைத் தெரிகிறதே என்று. மூன்று அட்டை, அட்டைக்குப் பத்து. அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கட்டத்துக்குள் பொடிப் பொடியாக என்னமோ அச்சடித்திருந்தது. கூடையில் கிடக்கிற தாளையெல்லாம் பொறுக்கி வாசிக்கிறவன், காசு கொடுத்து வாங்கின அட்டையை வாசிக்கவில்லை. இது எப்படி நடந்தது என்று இரவு முழுக்க யோசித்தும் அவனுக்குப் புரியவில்லை. கண்ணாடி எடுத்துப் போகவில்லையா? போட்டிருந்தானே. அவசரமா? இல்லையே, வரும் வழியில் டீ குடித்தானே. பஜ்ஜிகூடத் தின்றானே.

ஆக முப்பது. அமுதா கொண்டுபோய்க் கொடுத்து நாற்பது நாள். தினம் ஒன்று என்றால் பத்து நாளைக்கு முன்னால் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால் கரு உண்டானதிலிருந்து பாதி நாளுக்கு மேல் அவள் ரத்தத்தில் அது ஓடியிருக்கிறது. நடுவில் விட்டு விட்டுப் போட்டிருந்தால் இன்னும் மிச்சம் இருக்கும், இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்று போடுவாள். போடவே இல்லையென்றால்? அவள் பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்து மாத்திரையை ஜாமென்ட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்தவள், அப்படி எங்காவது ஒளித்து வைத்திருந்தால், தெய்வமே, ஒளித்து வைத்திருக்கட்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமே அது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும், பட்டுத் தெரிந்துகொண்டது. கார்த்திகையில் ஒருநாள் அந்தக் குப்பி மருந்து விட்டு வெள்ளித்தாள் மூடிய தட்டில் மீன்குட்டிகள் என்ன ஆயின என்று பார்க்கிற ஆசையில் தாளை உரித்துப் பார்த்துவிட்டு மூட மறந்து போனான். ராத்திரி முழுக்க மேசை விளக்கடியில் இருந்துவிட்டது. மூன்றாம் நாள் அத்தனையும் நேர் வாலோடு, கண்ணோடு, துடிக்கிற இதயத்தோடு நீந்தின. ஃபர்சானா மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது, ரெண்டு வார வேலைண்ணா, மருந்து வெளிச்சத்துல செத்துப்போச்சு. அவன் மன்னிப்புக் கேட்டான். கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் அந்தக் குட்டிகள் தப்பித்ததில் ஒரு சந்தோஷம், அதை அவளிடம் சொல்லவில்லை. நிலாவின் அறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அவள் சீப்பு, பொட்டு எல்லாம் அந்த ஜன்னல் திண்டில்தான் வைப்பாள், மாத்திரையையும் அங்கே வைத்திருந்தால், சித்திரை வெயில். ஆனால் அட்டை அலுமினியம். அலுமினியத்துக்குள் வெயில் எப்படிப் போகும், முட்டாள். வெயில் படக்கூடாதென்றுதானே அப்படி அடைக்கிறான் கம்பெனிக்காரன். எட்டாவது தொட்டியிலா ஒன்பதாவதிலா, எதில் தகடு எடுத்தோம் என்று குழம்பிப்போய் மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். எல்லாவற்றிலும் எடுத்தாகியிருந்தது.

ஃபர்சானா மேடம் ஆறரைக்கு வந்தாள், தலைமுடி ஈரம், கையில் பன் பொட்டலம். "என்ன கண்ணு அண்ணா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ராத்திரி பேய் கீய் பார்த்தீங்களா?"

"மீன்தான் மேடம் பேய் மாதிரி முட்டுச்சு."

"ஆளுக்கு அரை பன். முட்டை எவ்வளவு?"

அவன் தொட்டிகளின் அடியில் விழுந்த முட்டைகளை டீ வடிகட்டியில் அரித்து, நீலத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் கொட்டியிருந்தான். கண்ணுக்கு எட்டுகிற அளவில் கண்ணாடி மணிகள். நடுவில் பாலாகத் திரிந்தவை செத்தவை, அவற்றைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு நல்லதாக ஐம்பது ஐம்பது எண்ணிப் பிரிக்க வேண்டும். மூன்றாவது தட்டில் பன்னிரண்டு எண்ணியிருந்தபோது அவன் நிமிராமல் கேட்டான். "ஒரு சந்தேகம் மேடம். முகப்பருவுக்குப் போடற மாத்திரைக்கும் உங்க குப்பிக்கும் ஏதாச்சும் உறவு இருக்கா?"

"அடேங்கப்பா. எங்க புடிச்சீங்க? உறவு என்ன உறவு, உள்ள போனா அதுவாவே மாறிடும். அதனாலதான் அந்த மாத்திரை சாப்பிடற பொண்ணுங்க நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுத்தான் குழந்தைக்கு..." அவள் பன்னை மெல்லுவதை நிறுத்தினாள். "யாருக்குண்ணா?"

"எங்க தெருவுல ஒரு பொண்ணு."

"மாசமா இருக்கா?"

"நாற்பத்தஞ்சு நாள்."

"சாப்பிடறாளா இப்பவும்?"

"தெரியல மேடம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள். "நான் மீனுக்குத்தான் டாக்டர், மனுஷங்களுக்கு இல்ல. ஆனா இது காத்துக்கிட்டு இருக்கற விஷயம் இல்லண்ணா. உடனே நிறுத்தச் சொல்லுங்க. அட்டையை எடுத்துக்கிட்டு இன்னைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க, ஒளிக்காம எத்தனை போட்டாள்னு சொல்லணும்."

"எல்லாத்துக்கும் ஆயிடுமா மேடம்? உங்க தட்டுல ஐம்பதுல நேரா இருக்கறதும் இருக்குமே. நான் பார்த்திருக்கேன்."

"இருக்கும்," என்றாள். பிறகு, "எது நேரா இருக்கும்னு முன்னாடியே சொல்ல எனக்குத் தெரியாதுண்ணா" என்றாள்.

அவன் சொட்டுக்குழாயைத் தட்டின் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தான். வெளியே நிஜ வெயில் வந்திருந்தது, அது எப்போதும் அவனுக்குக் கொஞ்சம் பொய்யாகத் தெரியும். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டான். முதலில் புரதம் என்று ஒன்று இருக்கிறது, இல்லை, முதலில் வைட்டமின் ஏ, அவளுக்குப் பிடித்த கேரட்டிலிருந்து ஆரம்பித்தால் பயப்பட மாட்டாள், கேரட்டிலிருந்து மெல்ல மெல்ல, ஆனால் கேரட்டிலிருந்து மாத்திரைக்கு வருவதற்குள் மாமியார் கூப்பிட்டுவிட்டால். அதற்குள் விரல் அமுக்கிவிட்டிருந்தது.

"என்னப்பா இந்நேரத்துல, ட்யூட்டி முடியலையா? அம்மா டமாரம் அடிச்சுட்டாளா? உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்ப்பா, நீங்க மீனோட இருப்பீங்கன்னு..."

"நிலா. அந்த மாத்திரை."

"எந்த மாத்திரை?"

"மூஞ்சிக்கு வாங்கி அனுப்பினேனே."

"ஓ, அதா. இன்னும் ஆறு இருக்கு. தினம் போட்டா உதடு வெடிக்குது, அதனால விட்டு விட்டுப் போடறேன். திட்டாதீங்க, முடிச்சுடறேன். ஏன், தெரிஞ்ச கடைன்னு இன்னும் நாலு அட்டை வாங்கி வெச்சுட்டீங்களா?" அவள் சிரித்தாள்.

ஆறு. அப்படியென்றால் இருபத்துநாலு. இருபத்துநாலு இரவு. கேரட்டும் புரதமும் எங்கேயோ போய்விட்டன. "போடாதம்மா. இனிமே ஒண்ணுகூடப் போடாத. அது வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது."

செய்யாற்றில் ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்றது, அவள் குழாயை மூடியிருக்க வேண்டும்.

"ஆகாதுன்னா?"

"ஆகாதுன்னா, சில குழந்தைக்கு ஒண்ணும் ஆகறதில்ல. சிலதுக்கு ஆகுது. டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேணாம், இன்னைக்கே போகணும், அட்டையை எடுத்துக்கிட்டு."

"உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"படிச்சேன்."

"எப்போ?"

அவன் எதிர்பார்க்காத கேள்வி இதுதான். ஏழு மாதம் என்று சொல்வதா, நேற்று என்று சொல்வதா, இரண்டுமே நிஜம், இரண்டில் எது பொய் என்று அவனுக்கே பிடிபடவில்லை. வராந்தாச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு கரு, தலைப் பக்கம் நீலம், வால் பக்கம் சிவப்பு, அதை முந்நூறு தடவையாவது நின்று பார்த்திருப்பான். "மீனுக்கு ஆகாதுன்னு கார்த்திகைக்கு முன்னாடியே தெரியும்மா. உன் மாத்திரையும் அதுவும் ஒண்ணுன்னு நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. அட்டையிலேயே போட்டிருக்கான். நான் வாசிக்கல."

  அவள் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவன் எதையாவது உளறியிருப்பான், ஐம்பதில் நேராக நீந்துகிறவற்றைப் பற்றி. அதற்குள் அவள் குரலைத் தாழ்த்தி, "அத்தைகிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டாள்.

"எங்கப்பா டாக்டரைக் கேக்காம கடையில வாங்கிக் குடுத்தாருன்னு சொல்லு. அப்படியே சொல்லு. நான் வந்து அவங்ககிட்ட என் வாயாலயும் சொல்றேன். ஏழு மணிக்கு இங்க முடியுது, நேரா தாம்பரம் வந்து பஸ் ஏறிடறேன். டாக்டர்கிட்ட நானும் வரேன்."

"டாக்டர் என்னைத்தானேப்பா பார்ப்பாரு. நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியலம்மா."

"வாங்க" என்றாள். கோபமா பயமா என்று அந்த ஒரு சொல்லில் கண்டுபிடிக்க முடியவில்லை. வைத்துவிட்டாள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான், ஆறு மாத்திரையையும் குப்பையில் போடச் சொல்லவில்லையே என்று நினைத்தான், உடனே, போட்டுவிட்டால் டாக்டரிடம் எதைக் காட்டுவாள், வேண்டாம் போடக்கூடாது என்று நினைத்தான், மறுபடி அழைக்கப் போய், இப்போது அவள் அழுதுகொண்டிருந்தால் என்று விட்டுவிட்டான்.

உள்ளே வந்தபோது ஃபர்சானா மேடம் அவனுடைய நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே இரண்டாவது தட்டை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு சரியாக மூடாது, வராந்தாவில் பேசுவது உள்ளே கேட்கும். தெருவில் இருக்கிற பெண்ணைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. "நீங்க கிளம்புங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு மேடம்."

மூன்றாவது தட்டில் எங்கே விட்டோம் என்று பார்த்தான். பன்னிரண்டா பதின்மூன்றா, நினைவில்லை. சொட்டுக்குழாயை எடுத்து, பாலாகத் திரிந்த ஒன்றை உறிஞ்சிப் பக்கத்துக் கிண்ணத்தில் விட்டான். பிறகு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.